சம்பந்திக் கோப்பை

மே 6, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் லாரி இன்றும் இல்லை. வாங்க: வெந்தயம், ஊக்கு, கொசுவத்தி.

குடும்பக் குரூப்பில் அண்ணனின் இன்றைய ‘சொல் பிறந்த கதை’. ‘தீங்கு ஆகான் என்பதே மருவிப் பீங்கான் ஆயிற்று.’ வரிசையாகக் கைகூப்பியிருக்கிறார்கள். பாரசீகத்திலிருந்து வந்த சொல் அது. பீங்கான் கம்பெனி நடத்துகிற அண்ணனிடமே சொல்லிப் பார்த்தாயிற்று. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

மாலை அண்ணனிடமிருந்து போன்.

“ஸ்டெல்லா, பையன் கல்யாணத்துக்கு வரவங்களுக்கு நம்ம கப்புதான் குடுக்கப்போறேன். மேல ஒரு கதை. சமமா பந்தியில உக்கார்றவங்க சம்பந்தி. எப்படி?”

“அது சம்பந்தம்ங்கிற வார்த்தையிலேருந்து வந்ததுண்ணே. பந்திக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல.”

“கேக்க நல்லா இருக்குதுல்ல?”

ராத்திரி சோறு இறங்கவில்லை.

மே 8, வியாழன்

அண்ணன் வீட்டில். கட்டில் முழுக்க அண்ணி விரித்துப் போட்ட புடவைகள். கோப்பையின் படத்தைப் போனில் காட்டினான். கதைக்குக் கீழே தனி வரி: ‘ஆய்வு: புலவர் செ. ஸ்டெல்லா, தமிழாசிரியை’. உடம்பெல்லாம் எரிந்தது.

“என் பேர எதுக்குண்ணே போட்ட?”

“நான் சொன்னா எவன் நம்புவான்? உன் பேரு இருந்தாதான் நம்புவாங்க.”

நிஜமான சொல் கதை வேண்டுமானால் தருகிறேன் என்றேன். சாவி, சன்னல், அலமாரி, கோப்பை எல்லாம் போர்ச்சுகீசியர் விட்டுப் போனவை. கக்கூஸ் டச்சுக்காரர்களுடையது. அண்ணி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

“திட்டக்குடியிலேருந்து பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. அவங்க கையில கக்கூஸ் கதையவா குடுக்கச் சொல்ற?”

ஸ்டிக்கர் அச்சாகி வந்துவிட்டதாம். இனி மாற்ற முடியாதாம்.

ஆதாரம் இல்லாமல் எழுதினால் மார்க்கைக் குறைக்கிறவள் நான். அந்தப் பிள்ளைகள் வீட்டு அடுப்படிக்கெல்லாம் இந்தக் கோப்பை போகும், என் பெயரோடு. சீ.

மே 9, வெள்ளி

அண்ணன் பத்திரிகை வைக்கச் சேத்தியாத்தோப்பு போயிருக்கிறான். கம்பெனிக்குப் போனேன். கால் முழுக்க வெள்ளைத் தூசி. ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அமுதா மட்டும் இருந்தாள். பலகை பலகையாகக் கோப்பைகள், எல்லாவற்றிலும் என் பெயர். பஸ் ஸ்டாண்டு சுவரில் எவனோ கிறுக்கிவைத்த மாதிரி அருவருப்பு.

“இது வருமா அமுதா?”

“இப்ப ஈரத் துணியால தேச்சா வந்துடும் டீச்சர். நாளைக்கு சூளையில வெந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

“பேரு வரிய மட்டும் எடுத்துடலாமா?”

“மொதலாளி கேட்டா?”

“நான்தான் எடுத்தேன்னு சொல்லு.”

இருவருமாகத் தேய்த்தோம். பொழுது சாய்ந்துவிட்டது. நகக்கண்ணெல்லாம் பிசுபிசுப்பு. கதையையும் சேர்த்துத் துடைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு. கல்யாண வீட்டில் மொட்டைக் கோப்பை வேண்டாமென்று விட்டுவிட்டேன். என் பெயர் போயிற்று, அது போதும்.

நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 11, ஞாயிறு

கோப்பைகள் வெந்துவிட்டன. பெயரை எடுத்தது நான்தான் என்று அமுதா அண்ணனிடம் சொல்லிவிட்டாள். மாதா கோயில் பூசையில் என் பெஞ்சைத் தாண்டிப் போய் உட்கார்ந்தான். கொசுவத்தி இன்னும் வாங்கவில்லை.

மே 14, புதன்

கல்யாணம். மண்டபத்தில் வேலை செய்யாத ஏசி, உருகின ஐஸ்கிரீம், வியர்வை. பெண்ணின் அப்பா மைக்கில் கோப்பையைப் பார்த்துப் படித்தார். “சமமா பந்தியில உக்கார்றவங்க சம்பந்தி.” கைதட்டல். அண்ணனை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அண்ணன் கண்ணில் தண்ணீர். அதையும் சகிக்க முடியவில்லை.

கை கழுவும் இடத்தில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள். என்னைத் தெரியாதவர்கள், கையில் கோப்பை.

“யாரு எழுதுனதுன்னு போட்டுருக்குதா?”

“பேரே இல்ல. அப்ப ரொம்ப பழங்காலத்துதா இருக்கும். ஸ்கூலு தொறந்ததும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்.”

திரும்புவதற்குள், நல்லூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்கள்.

குழாயை மூடாமல் நின்றேன். கதை இருக்க, நான் துடைத்தது தப்பான வரியை.