கல்லில் விட்ட ஒரு வரி

பிரேசர் டவுன், பெங்களூர்
14.3.1992

பிரியமுள்ள பியூலா அக்காவுக்கு,

கிளாடிஸ் எழுதுவது. நானும் ஷெரிலும் சுகம். அவளுக்கு எட்டு வயது முடிந்தது. வெளிநாட்டில் இருக்கிற நர்சுகள் எல்லாம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் அனுப்புகிறார்களே, அத்தை மட்டும் ஏன் சோப்பும் துண்டுமே அனுப்புகிறார்கள் என்று கேட்கிறாள். பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி வந்த விமானத்தில் குண்டு வைத்தது நீங்கள் வேலை பார்க்கும் நாட்டின் அரசாங்கம்தான் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. அவர்கள் இல்லை என்கிறார்களாம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு லேத் மெஷினைப் பொருத்திக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போன மனுஷன் கடலில் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. பெட்டியில் வைத்துப் புதைக்க அவருடைய சட்டை ஒன்றுதான் நமக்கு இருந்தது. கல்லறையில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போடலாம் என்றார் பாதிரியார். தூங்கவா போனார் அவர்? ‘ஓஸ்வால்ட், கொல்லப்பட்டார்’ என்று வெட்டச் சொன்னேன். நடுவே, யாரால் என்பதற்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறது. கல் வெட்டுகிற கோவிந்தப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் “ஹெசரு சிக்தா அம்மா?” என்பார். பெயர் கிடைத்ததா என்று.

கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அந்தச் சம்பளம் நமக்கு வேண்டாம் அக்கா. வந்துவிடுங்கள். கஞ்சியோ கூழோ சேர்ந்து குடிப்போம்.

உங்கள்
கிளாடிஸ்


நர்சுகள் விடுதி
2.6.1992

கர்த்தருக்குள் அன்பான கிளாடிஸுக்கு,

உன் கடிதம் பிரித்து ஒட்டப்பட்டு வந்து சேர்ந்தது. இங்கே எல்லாக் கடிதமும் அப்படித்தான் வரும். நாட்டின் பாதுகாப்புக்கு அது தேவை.

நீ வாசித்தது பொய். இந்த அரசாங்கம் அப்படிச் செய்யாது. எங்களை மரியாதையாக நடத்துகிறார்கள். விமானங்களைத் தடை செய்துவிட்டதால் இப்போது மருந்து வருவதில்லை. போன வாரம் இன்சுலின் கிடைக்காமல் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று என் வார்டில் இறந்தது. அந்தக் குழந்தையா குண்டு வைத்தது? இதையும் யோசித்துப் பார்.

ஷெரிலின் பள்ளிக் கட்டணம் அனுப்பியிருக்கிறேன். மிட்டாய் பல்லைக் கெடுக்கும் என்று சொல். தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

அக்கா
பியூலா


பிரேசர் டவுன்
11.1.1996

பியூலா அக்காவுக்கு,

விமானத்தில் போய் இறங்கி, பிறகு பஸ்ஸில் எல்லை தாண்டிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அத்தனை சிரமப்பட்டு எதற்கு வந்தீர்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஏழு வருஷம் கழித்து இந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் கல்கல் பலகாரத்துக்கு இனிப்பு மாவு பிசைந்தேன். முன்பெல்லாம் முள்கரண்டியில் உருட்டுவது நீங்களும் உங்கள் தம்பியும்தானே, வந்து உட்காருவீர்கள் என்று நினைத்தேன். மாவைப் பார்த்ததும் சர்க்கரை வியாதி என்று எழுந்து போய்விட்டீர்கள். உருட்டினால் கூடவா சர்க்கரை ஏறும்?

அது போகட்டும். கல்லறையில் வைத்துக் கேட்டேனே, உண்மையில் யார் செய்தது என்று. வெயில் அதிகம், போகலாம் என்றீர்கள். கடிதத்தைப் பிரிக்கிறார்கள், அதனால்தான் அவர்களுக்குப் பரிந்து எழுதுகிறீர்கள் என்று இத்தனை நாள் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லறையில் யார் பிரித்துப் பார்த்தார்கள்? நாம் மூன்று பேரும் ஒரு நாயும்தான் இருந்தோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நன்றாகவே நினைக்கிறீர்கள். இனி ஷெரிலின் கட்டணத்தை அனுப்ப வேண்டாம். எனக்குத் தையல் மெஷின் இருக்கிறது. கடிதமும் வேண்டாம்.

கிளாடிஸ்


பிரேசர் டவுன்
20.8.2003

அக்காவுக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவள்தான் எழுதுகிறேன். ஷெரில் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போகிறாள். கம்பெனி வண்டி வாசலுக்கே வருகிறது. நடை அப்படியே உங்கள் தம்பிதான்.

விமானத்துக்காக அந்த அரசாங்கம் கொடுக்கும் நஷ்டஈட்டுக் காகிதம் வந்திருக்கிறது. வக்கீல் சந்திரசேகரன் வரி வரியாக வாசித்துக் காட்டினார். ‘தன் அதிகாரிகளின் செயல்களுக்குப் பொறுப்பேற்கிறது’ என்று இருக்கிறதே தவிர, செய்தோம் என்று எங்கேயும் இல்லை. அவர்களுடைய மந்திரியோ, நாங்கள் குற்றவாளிகள் அல்ல, தடை நீங்குவதற்காகத்தான் கொடுக்கிறோம் என்று ரேடியோவில் பேசுகிறார். கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாதாம்.

செய்தவன் கொடுத்தால் அது தண்டம், வாங்கிக்கொள்வேன். செய்யாதவன் கொடுத்தால் பிச்சை. இது எது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. பத்தொன்பது வருஷம் அங்கே இருக்கிறீர்கள். உங்கள் தம்பிமேல் ஆணையாக ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அவர்கள் செய்தார்களா, இல்லையா? கையெழுத்துப் போட வருஷக் கடைசிவரைதான் கெடு.

கிளாடிஸ்


நர்சுகள் விடுதி
5.10.2003

கிளாடிஸ்,

என்னோடு வேலை செய்யும் மலையாளிப் பெண் லீவில் போகிறாள். இதைக் கொச்சியில் தபாலில் போடுவாள். யாரும் பிரிக்க மாட்டார்கள்.

செய்தார்களா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்போது ராணுவ வார்டில் எனக்கு வேலை. விமானம் விழுந்த மறுநாள் காலை, அங்கே படுத்திருந்த ஓர் அதிகாரியைப் பார்க்க நாலு பேர் வந்தார்கள். கையில் பெரிய இனிப்புப் பெட்டி. கட்டிலுக்குக் கட்டில் கொடுத்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டேன். “சிஸ்டர், ஒரு விமானம் விழுந்தது” என்று சிரித்தார் அந்த அதிகாரி. எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். எடுக்காதவள் யார் என்று பார்ப்பார்களோ என்று பயம். நானும் ஒன்று எடுத்தேன். தேனில் ஊறிய பேரீச்சம்பழப் பலகாரம். ருசியாக இருந்தது, கிளாடிஸ். விரலைக்கூட நக்கினேன்.

நாலாவது நாள் உன் தந்தி வந்தது.

யாரோ செத்திருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் தின்றேன். என் தம்பி என்றுதான் தெரியாது. எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. அன்றைக்குப் பிறகு இனிப்பை வாயில் வைக்க முடியவில்லை, ஒரு குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கவும் முடியவில்லை. கடிதத்தைப் பிரிக்கிறார்கள் என்பதெல்லாம் சாக்கு. கல்லறையில் சொல்லியிருக்கலாம். நீ என்னை அருவருத்துவிடுவாய் என்று பயந்தேன். இங்கேயே கிடந்ததும் அதனால்தான்.

டிசம்பரோடு என் வேலை முடிகிறது. எங்கே போவது என்று தெரியவில்லை. நீ பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

பியூலா


பிரேசர் டவுன்
24.11.2003

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் அடிப்பாவி என்றுதான் வாயில் வந்தது. அன்று சோற்றில் கை வைக்க முடியவில்லை. தின்றதைக்கூட விட்டுவிடலாம், பயத்தில் யாரும் தின்பார்கள். பதினைந்து வருஷம் சொல்லாமல் இருந்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். எழுதவே கூடாது என்றும் இருந்தேன்.

போன வாரம் கையெழுத்துப் போட்டேன். ஒரு வீடு பாக்கி நின்றாலும் மற்ற வீடுகளுக்குக் கிடைக்காதாம். என்னைப் போல எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ, அவர்களுக்கு நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்? தண்டமா பிச்சையா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஷெரில் பெயரில் போட்டுவிட்டேன்.

கோவிந்தப்பா உளியோடு கல்லறைக்கு வந்தார். வயதாகிவிட்டது. என்ன வெட்டட்டும் என்றார். ‘அதிகாரிகளால்’ என்று வெட்டச் சொல்லவா? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

வக்கீல் கொடுத்த காகிதங்களையும் உங்கள் கடிதத்தையும் ஒரே பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். அந்த நாட்டிலிருந்து வந்ததிலே, நான் செய்தேன் என்று ஒருவர் தன் கையால் எழுதியது உங்களுடையது ஒன்றுதான்.

எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கிற கேள்வியா இது? ஏர்போர்ட்டுக்கு ஷெரில் வருவாள், நான் அந்தப் பக்கம் போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுங்கள். கல்கல் மாவு பிசையப்போகிறேன்.

நீங்கள் தின்ன வேண்டாம். உட்கார்ந்து உருட்டினால் போதும்.

உங்கள்
கிளாடிஸ்