வாங்க, போங்க

ஜூன் 3

ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். மாமா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி துடைக்கும் துணிக்கு அடியில் தள்ளிவிட்டு, "ஒரு மாசம் நோட்டீஸ். சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார்.

போட்டிருக்கீங்களாம். அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து என்னை வா, போ என்று கூப்பிட்ட மனிதர்.

ஜூன் 4

காரணத்தை எழுதி வைக்கிறேன். நாளைக்கு மனசு இளகினால் படித்துக்கொள்ளலாம்.

போன வாரம் ஒரு அம்மா புதுக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். போட்டால் தலைவலிக்கிறதாம். லென்ஸின் நடுப்புள்ளி கண்ணுக்கு நேராக இல்லை. அளவு எடுத்தது மாமா. அந்த அளவுக்கு வெட்டியது மட்டும்தான் நான். அவரோ என்னைக் காட்டி, "என்ன பண்றது மேடம், வீட்டுப் பொண்ணாச்சேன்னு வச்சிருக்கேன்," என்றார். கல்லாவில் இருந்த அக்காவுக்கும் கேட்டது. அவள் தலைகுனிந்து பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஏழு வருஷ வேலை. வைத்திருக்கிறாராம்.

ஜூன் 7

வீட்டுப் பெண் பட்டம் பறிபோனது. இனி வந்ததும் கையெழுத்துப் போட வேண்டும். மதியம் அக்கா மூன்று பேருக்குச் சாப்பாடு கொண்டுவருவாள், இன்று இரண்டு தட்டுதான். "நீங்க வெளியில சாப்பிட்டுக்கலாம். ஒரு மணி நேரம் பிரேக் உண்டு," என்றார் மாமா.

எனக்கு பிரேக் இருந்ததே இன்றுதான் தெரியும்.

ஜூன் 13

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு லென்ஸ் வெட்டக் கற்றுத்தர வேண்டும். ஆனால் போகிற ஆள் மெஷினில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. வாயாலேயே சொல்லித்தர வேண்டுமாம். அவள் லென்ஸ் லென்ஸாக உடைக்கிறாள். மாமா என்னை முறைக்கிறார். முறைக்கட்டும்.

ஜூன் 14

ராஜினாமா கொடுத்ததிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை.

ஜூன் 16

அம்மா போனில்: "குடும்பத்துக்குள்ள எதுக்குடி நோட்டீஸ் கீட்டீஸ்? ஒரு மன்னிப்பு கேட்டா முடிஞ்சுது."

"எதுக்கு? அவர் தப்பா அளந்ததுக்கா?"

வைத்துவிட்டாள்.

ஜூன் 20

அக்கா பேசிவிட்டாள். பேசாமலே இருந்திருக்கலாம். "சாவிய அங்க வச்சிட்டுப் போங்க."

போங்க. நீயுமா? சின்ன வயசில் எனக்கு மூக்கு சிந்திவிட்டவள்டி நீ. மாமா சொன்னால் எரிச்சல்தான் வருகிறது. இவள் சொன்னதும் — பின்னறைக்குப் போய் மெஷினைப் போட்டுவிட்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. தொடக் கூடாத மெஷின்தான். தொட்டேன். என்ன செய்துவிடுவாராம்?

ஜூலை 3

கடைசி நாள். மாமா பையைத் திறந்து காட்டச் சொன்னார். வேலையை விட்டுப் போகிற எல்லோருக்கும் இதுதான் விதியாம். இதுவரை விட்டுப் போனது நான் ஒருத்திதான். திறந்து காட்டினேன்: குடை, சீப்பு, தண்ணீர் பாட்டில். அக்கா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது இல்லாமல் அவளுக்கு எதிரில் நிற்கிற ஆள்கூடத் தெரியாது.

இனி அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

ஜூலை 19

புதுக் கடையில் அளவும் நானே எடுக்கிறேன். இங்கே முதலாளியம்மா எல்லோரையும் நீங்க என்றுதான் கூப்பிடுகிறார். குத்தவில்லை.

ஆகஸ்ட் 11

கடை சாத்தப் போகும் நேரத்தில் அக்கா வந்தாள். நேராக வந்து வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன வேணும், சொல்லுங்க," என்றேன். வேண்டுமென்றேதான்.

முகம் சுண்டிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். புதுசு. "உங்க மாமா அளந்து போட்டது. ஒரு வாரமா தலை பிளக்குது. நீ பாருடி."

பார்த்தேன். அதே தப்பு.

"நீ வந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. வீட்டு ஆளாச்சேன்னு பாக்காத, பில் போடு."

போட்டேன். பிறகு அளவுகோலை அவள் மூக்குமேல் வைத்து, நேராகப் பார்க்கச் சொன்னேன். கண் நிறையத் தண்ணீர், கண்மணியே தெரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன்.