பிரிந்த தேதி என்றொரு கட்டம்

பிப்ரவரி 18

வருமான வரிப் படிவம் வந்துவிட்டது. முப்பத்தாறு வருடம் பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவன். எண் போடாமல் எனக்கு யோசிக்க வராது. ஆகவே:

1. திருமண நிலை என்ற கேள்வியில் எந்தக் கட்டத்தில் குறி போடுவது.
2. நாங்கள் பிரிந்தது அக்டோபர் 3. இதில் சந்தேகமில்லை.
3. பிரிந்தால் யாருக்கு எந்தச் சலுகை.
4. மர்டீனா திரும்பி வருவாளா. (வரித்துறைக்கு இது தேவையில்லை. எனக்கும் தேவையில்லை என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.)

பிப்ரவரி 19

விதியைப் படித்தேன். அரசாங்கத்துக்குத்தான் எவ்வளவு கனிவு! மனைவி வீட்டைவிட்டுப் போனால் எண்பத்தொன்பது நாள் வரை அது வெறும் கோபம். தொண்ணூறாவது நாள் பிரிவாகிவிடும், அதுவும் போன முதல் நாளிலிருந்தே. அக்டோபர் 3 முதல் எண்ணினேன். வரி ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 சரியாகத் தொண்ணூறு. மூன்று முறை எண்ணினேன், குறையவில்லை.

இடையில் கிறிஸ்துமஸ். இறைச்சிப் பணியாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனாள் மர்டீனா. அது சமாதானம் என்றால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கோட்டைக் கழற்றாத சமாதானம் செல்லுமா? விதிப் புத்தகத்தில் கோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. எவ்வளவு கவனக்குறைவு.

பிப்ரவரி 24

மர்டீனா தொலைபேசியில் அழைத்தாள். இன்னும் தன் அக்கா எஃபியின் வீட்டில்தான் இருக்கிறாள். மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை பார்த்திருக்கிறாளாம். அவளுக்கென்று வேலை ஓய்வூதியம் கிடையாது. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் கூடுதல் படி உண்டு; ஆனால் என் ஓய்வூதியத்தோடு சேர்த்துப் பார்த்தால் அவளுக்கு அது வராது. தனியாள் என்றால் வரும். அதற்கு இருவர் படிவத்திலும் ‘பிரிந்தவர்’ என்றிருக்க வேண்டும். மார்ச் மாத முடிவுக்குள் அறைக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

“ஒரு குறிதானே, வாத்தியாரே. கை நடுங்குதுன்னா சொல்லுங்க, நான் வந்து பிடிச்சுக்கறேன்.”

யோசிக்கிறேன் என்றேன்.

“யோசிங்க, யோசிங்க. நாப்பத்தாறு வருஷமா அதத்தானே செய்றீங்க. அதுவரைக்கும் நான் எஃபியோட பூனைகூட ஒரே கட்டில்ல கிடக்கறேன்.”

பிப்ரவரி 25

யோசித்தேன்.

மார்ச் 4

மூன்றாவது குறிப்பு. நான் இழப்பவை: மனைவிக்காகப் பெற்றுவந்த வரிச் சலுகை, ஓய்வூதியத்தை இருவர் பேரிலும் பங்கிட்டுக் காட்டும் சலுகை. இவ்வளவு காலம் திருமணத்தில் எனக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் காட்ட இரண்டு வரிகள் இருந்தன. இனி அவையும் இல்லை.

பணம்தான் என் கவலை என்று நம்ப மாலை வரை முயன்றேன். முடியவில்லை. ‘மணமானவர்’ கட்டத்தில் குறி போட்டால் அவள் திரும்பி வந்துவிடுவாளா என்ன? — அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். படித்த மனிதன்!

மார்ச் 11

தேவாலயக் கூடத்தில் இலவச வரி உதவி. மேசைக்கு அந்தப் பக்கம் வெண்டல், என் பழைய மாணவன். லத்தீனில் இரண்டு முறை தோற்றவன். இன்று அவன் கேட்கிறான், நான் பதில் சொல்கிறேன். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது.

மர்டீனாவின் கடிதங்கள் ஜனவரி வரை எங்கள் வீட்டுக்கே வந்தன என்றேன். அப்படியானால் ஒரே கூரையின் கீழ் இருந்தீர்களா என்று சந்தேகம் வரலாம், சில கேள்விகள் கேட்டாக வேண்டும் என்றான்.

சேர்ந்து சாப்பிட்டீர்களா? இல்லை. அவள் ஐந்தரைக்கு, நான் செய்தி முடிந்து ஏழுக்கு. ஒருவர் துணியை மற்றவர் துவைத்தீர்களா? இல்லை, அவரவர் கூடை. சேர்ந்து வெளியே போனீர்களா? சாவு வீடுகளுக்கு. ஒரே அறையா? என் இருமல் அவளைத் தொந்தரவு செய்தது. ஆறு வருடமாகத் தனித்தனி.

வெண்டல் பேனாவை வைத்துவிட்டான். “சார், நான் கேட்டது அவங்க போன பிறகு. நீங்க எந்தக் காலத்தச் சொல்றீங்க?”

“அதுக்கு முன்னால” என்றேன்.

பிறகு நான் பயந்து, அப்படியானால் ஆறு வருடமாகப் பொய்ப் படிவம் கொடுத்துவிட்டேனா, அபராதம் வருமா என்று கேட்டேன். என்ன மனிதன் நான்! முதலில் கேட்க வந்தது அபராதம்.

அவன் இல்லையென்று தலையாட்டினான். உறவு முடிந்தது என்ற எண்ணத்தோடு பிரிந்திருந்தால்தான் கணக்கில் வரும். “உங்களுக்கே தெரியாமப் பிரிஞ்சிருந்தா அது செல்லாது, சார். அக்டோபர் மூணே போடுங்க.”

மார்ச் 12

‘பிரிந்தவர்.’ குறி போட்டேன். கை நடுங்கவில்லை. அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மார்ச் 29

அறை கிடைத்துவிட்டதாம். இன்று சாமான் ஏற்றுகிறார்கள். என்ன தேதி போட்டீர்கள் என்று மர்டீனா தொலைபேசியில் கேட்டாள். அக்டோபர் 3 என்றேன்.

“சரி, அரசாங்கத்துக்கு அது போதும்” என்றாள். கிண்டலே இல்லாமல் சொன்னாள்.

இரண்டாவது குறிப்பு தவறு. அக்டோபர் 3 அவள் பெட்டி எடுத்த நாள். பிரிந்த நாள் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், தேதியோடு. நான் கேட்கவில்லை.