துர்க்கையின் காலும் அன்புராஜின் பெயரும்

9 ஜனவரி 2025, வியாழன்
இரு நாட்டு அருங்காட்சியகங்களின் கூட்டுப் பாதுகாப்புத் திட்டம் இன்று தொடங்கியது. அதாவது, குருவிநத்தம் கரும்புக் கொல்லை ஓரம் ஆயிரம் வருடத்துத் துர்க்கை நிற்க, எல்லாரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்தோம். பாரிஸ் அருங்காட்சியகத்திலிருந்து வந்த எலோதிக்கு ஆளுயர மாலை. அம்மனுக்கு நேற்றைய அரளி. எலோதி மண்டியிட்டுச் சின்னப் பிரஷ்ஷால் காலடியைத் தடவினாள். படம் நன்றாக வந்திருக்கும்.

நான் சிற்பம் பழுது பார்க்கிறவள். அருங்காட்சியகத்தில் ஒப்பந்த வேலை. சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

11 ஜனவரி, சனி
துர்க்கையின் கால் பொலபொலவென உதிர்கிறது. விரல் வைத்தால் வெள்ளையாக உப்பு. காரணம் கண்ணெதிரே இருக்கிறது: கோயில் கமிட்டித் தலைவர் அன்புராஜ் போட்ட சிமெண்ட் பீடம். அதற்குக் குளியலறை டைல்ஸ் வேறு. வயல் ஈரம் சிமெண்ட்டின் உப்பைக் கரைத்துக் கல்லுக்குள் ஏற்றுகிறது. பீடத்தில் கறுப்புக் கல்லில் தங்க எழுத்து – 'உபயம்: அன்புராஜ்'. அம்மன் முகத்தைவிடப் பெரிது!

இயக்குநர் தணிகைவேல் சாரிடம் சொன்னேன். "எல்லாருக்கும் தெரியும்மா. அத ஏன் வாய் விட்டுச் சொல்லணும்?" என்றார்.

14 ஜனவரி
பொங்கல். விடுமுறை. உப்புக்கு விடுமுறை இல்லை.

20 ஜனவரி, திங்கள்
அறிக்கை வரைவு வந்தது. சேதத்துக்குக் காரணம் 'சுற்றுச்சூழல்' என்று போட்டிருக்கிறார்கள். பாவம் சுற்றுச்சூழல், மறுத்துப் பேசாது. பீடம் என்ற சொல்லே எங்கும் இல்லை. எலோதி படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. இதற்கு விமானம் ஏறி வரணுமா?

23 ஜனவரி, வியாழன்
அம்மனுக்கு விளக்கேற்றும் தையலம்மாள் பஸ் பிடித்து ஆபீசுக்கே வந்துவிட்டார். டம்ளருக்குள், மஞ்சள் துணியில், துர்க்கையின் கால் விரல்.

"வுழுந்துடுச்சிம்மா. ஃபெவிகுயிக் போட்டா ஒட்டுமா?"

இந்த மாதம் எல்லாரையும் பார்த்துச் சிரித்தவள் நான். இதற்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னாத்துக்கும்மா இப்டி ஆவுது?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன், பேரோடு. சொல்லியிருக்கக் கூடாதோ? ஏன், யாருக்குப் பயம்?

28 ஜனவரி, செவ்வாய்
அன்புராஜ் ஆபீசுக்கு வந்து மேஜையைத் தட்டினார். "நான் இன்னா, சாமி கால ஒடச்சவனா? தெருவுல போவ முடியல, பொம்பளைங்க பூரா கேக்கறாளுங்க!"

தணிகைவேல் சார் என் பக்கம் ஒரு தாளைத் தள்ளினார். நான் சொன்னது தவறு என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். மாட்டேன் என்றேன்.

அப்போதுதான் எலோதி பேசினாள். முதல் நாளே பிரஷ்ஷால் உப்பைத் தட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாளாம். முடிவு இன்று காலைதான் வந்ததாம்: சிமெண்ட். "பீடத்தைப் பற்றி எழுதாத அறிக்கையில் என் பெயரும் இருக்காது, என் அருங்காட்சியகத்தின் பெயரும் இருக்காது" என்றாள். சார் தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

அந்தப் பிரஷ்ஷைக் கேமராவுக்கு என்று நினைத்தேனே.

12 பிப்ரவரி, புதன்
பீடத்தை உளியால் உடைத்து எடுத்தாயிற்று. உப்பை உறிஞ்சக் காலில் காகிதக் கூழ் பூசியாயிற்று. அன்புராஜ் பிளெக்ஸ் வைத்திருக்கிறார் – 'அம்மனைக் காத்த அன்பு அண்ணன்'. உடைத்த சிமெண்ட் மேலேயே கம்பு நட்டு! சார் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். இவர்களை எந்தக் கூழைப் பூசிச் சுத்தம் செய்வது?

7 மார்ச், வெள்ளி
என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு சரியாம். காரணம் எழுதவில்லை, சுற்றுச்சூழலாக இருக்கும்.

மதியம் நானும் எலோதியும் குருவிநத்தம் போனோம். காலில் பூசியிருந்த காகிதக் கூழை உரித்தோம். விரலை ஊசிக்கம்பி வைத்துப் பொருத்தினேன். அவள் டார்ச் பிடித்தாள். துடைத்துவிட்டு, கல்லில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தேன்.

கையில் ஒன்றும் ஒட்டவில்லை.