நீங்களே வாசியுங்கள், அப்பா

சேரப்பணஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு செல்வி எழுதுவது. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடுக்காமல் நீங்களே வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் எழுத்தை இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறேன். போனில் சொன்னால் "சரி தாயி, பாத்துக்கிடலாம்" என்று வைத்துவிடுவீர்கள்.

எனக்கு இடது கண்ணில் பிரச்சினை. பயப்படாதீர்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கே பயமாக இருக்கிறது.

போன மாதம் கண் சிவந்தது. டியூப் லைட்டைப் பார்த்தாலே வலி. மெட்ராஸ் ஐ என்று ஹாஸ்டல் அறையில் என்னைத் தனியாகப் படுக்க வைத்தார்கள். கூட இருக்கும் மதிவதனி மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கித் தந்தாள். நாலு நாளில் சிவப்பு போனது, நிறுத்திவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

கம்பெனியில் பெயிண்ட் அடித்து வரும் கார் பம்பரைப் பார்த்து, புள்ளி இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவதுதானே என் வேலை. அடுத்த வாரம் ஒரே ஷிப்டில் முப்பத்தெட்டு பம்பரைத் தள்ளிவிட்டேன். சூப்பர்வைசர் ஆபிரகாம் சார் வந்து துடைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நல்ல பீஸுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிக்கினு கீற, புள்ளி எங்க கீது?" என்றார். விரலால் காட்டப் போனேன். புள்ளி நகர்ந்து போனது. அது பம்பரில் இல்லை அப்பா, என் கண்ணுக்குள் இருந்தது. அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் கண் டாக்டர் மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். யுவியைட்டிஸ் என்றார். மெட்ராஸ் ஐ கண்ணின் மேலே வருவது. இது கண்ணுக்கு உள்ளே வருகிற அழற்சி. சிவப்பு குறைந்தாலும் உள்ளே நடந்துகொண்டே இருக்குமாம். விட்டுவிட்டால் கருமணி ஓரம் பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு, பார்வையே போய்விடலாமாம். பிறகு, காலையில் முதுகு பிடித்துக்கொள்கிறதா, வீட்டில் யாருக்காவது அப்படி உண்டா என்று கேட்டார். சில குடும்பங்களில் இரண்டும் சேர்ந்தே வருமாம்.

நீங்கள் காலையில் சுவரைப் பிடித்து எழுந்து, அரை மணி நேரம் குனிந்தே நடப்பது நினைவுக்கு வந்தது. பார்வை போன உங்கள் இடது கண்ணும் நினைவுக்கு வந்தது. பட்டறையில் வெல்டிங்கைப் பார்த்துத்தான் போனது என்று இத்தனை வருஷமாகச் சொல்கிறோம். அந்தக் கருமணி வட்டமாக இல்லாமல் கோணலாக இருக்கும். ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று டாக்டர் வரைந்து காட்டினார். அதே கோணல். உங்களைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சீக்கிரம் காட்டச் சொல் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில், "ஏட்டி, அப்பாவுக்கு வலது கண்ணு செவந்து போச்சு, சூடுதான், வெளக்கெண்ணெ விட்டேன், கொறஞ்சிட்டு" என்றாள். அந்தக் 'கொறஞ்சிட்டு' கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு இருப்பது அந்த ஒரு கண். அதை வைத்துத்தான் லோடு ஆட்டோ ஓட்டுகிறீர்கள்.

எனக்கு மணிக்கு ஒரு தரம் மருந்து. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. புள்ளி இன்னும் போகவில்லை. நோயின் பெயரை மேலே எழுதியிருக்கிறேன். திருநெல்வேலியில் டாக்டரிடம் இந்தத் தாளையே காட்டுங்கள்.

இதுவரை நீங்களே வாசித்திருந்தால் என் பயத்தில் பாதி போனது. ஆனாலும் நாளைக்கே போய்விடுங்கள்.

அம்மா, எழுத்து கலங்குகிறது என்று அவர் உன்னிடம் நீட்டி, இதை நீ வாசித்துக்கொண்டிருந்தால், இதோடு நிறுத்து. கண்ணாடியில் தூசி என்பார், வெளிச்சம் போதவில்லை என்பார். நம்பாதே. ஆட்டோ சாவியை ஒளித்து வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இன்றைக்கே பஸ் ஏற்று. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்கள் மகள்
இசக்கிசெல்வி