நாரைக் கீல்களைக் கழற்றியது யாமே

மழை பொய்யாது, மரக்கலம் கவிழாது, நாரைக்கொடியின் நிழல் சுருங்காது விளங்குக!

வெண்மணற்பட்டணத்தில் வீற்றிருந்து நம் பேரரசர்தம் கருவூலம் காக்கும் பண்டாரநாயகர் அரையன் பொதுவனாருக்கு, தேக்கங்கோட்டம் ஆளும் சேந்தன் காரிநங்கை விடுக்கும் ஓலை. தங்கள் திருமாளிகையும் பட்டணமும் துறைமுகமும் நலமே பொலிக. இங்கு யாமும் நலம். எம் மனம் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணர் தாங்களே ஆகலின், சுற்றி வளைக்காமல் சொல்கிறோம்.

தங்கள் ஓலை கண்டோம். எம் பேழைத்தச்சர் தலைவன் சாத்தன் கலியன், அரச முத்திரையாம் நாரை பொறித்த கீல்களை மருந்துப் பேழைகளிலிருந்து பிடுங்கி எறிந்தான் என்றும், அது அரச நிந்தை என்றும், அவனை விலங்கிட்டு அனுப்பினால் அங்கே அவன் வலக்கை வாங்கப்படும் என்றும் எழுதியிருந்தீர்கள். அனுப்ப மாட்டோம். கழற்றச் சொன்னவர் யாம். முதற்கீலை உளிகொண்டு நெம்பியதும் எம் கையே. மரம் பிளந்துவிடப் போகிறது, மெல்ல, மெல்ல என்று அருகில் நின்று பதறியது ஒன்றே கலியன் செய்த குற்றம்.

நடந்ததைக் கேளுங்கள். கடற்கரைக் கோட்டை மருத்துவர்களுக்கு மருந்துப் பேழை செய்து தருக என்பது பேரரசர் எமக்கிட்ட பணி. உப்புக்காற்றில் கிடந்து, நாள் முழுதும் திறந்து மூடப்படும் பேழை அது. எல்லாவற்றுக்கும் கன்னார் வார்த்த வெண்கலக் கீலே வேண்டுமென்று கலியன் ஒற்றைக்காலில் நின்றான். அவன் சொன்னபடி வாங்கினால் கருவூலத்தைத் துடைத்து வைக்க வேண்டியதுதான் என்று யாமும் விடவில்லை. நாங்கள் போட்ட சண்டையை இக்கோட்டம் முழுதும் அறியும். முடிவில், கரையிலிருக்கும் பேழைகளுக்கு வெண்கலம் என்றும், உள்நாட்டுச் சேமிப்பறையில் எப்போதாவது திறப்பவற்றுக்குத் தடித்த இரும்பு போதும் என்றும், மூடியில் பூவேலை அறவே வேண்டா, அந்தக் கூலி கீலுக்குப் போகட்டும் என்றும் தீர்த்தோம். பூவேலை போயிற்றே என்று கலியன் எம்மிடம் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தான், ஆயினும் ஒப்புக்கொண்டான். தாங்கள் வகுத்த செலவுக்குள் எல்லாம் அடங்கிற்று.

அவ்வேளையில்தான் தங்கள் மைத்துனர் பட்டறையிலிருந்து கீல் மூட்டைகள் வந்து இறங்கின. விலை பாதிதான், இவற்றையே பூட்டுக என்ற தங்கள் கட்டளையும் கூடவே வந்தது. பணிந்து பூட்டினோம். ஆனால் எம் கோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுக்கீல் பூட்டிய பேழை ஒன்றைச் சந்தை வாயிலில் வைப்போம். வருவோர் போவோர் எல்லாரும் ஒருமுறை திறந்து மூடிச் செல்வர். சந்தை கலையும்வரை தாங்கினால்தான் அக்கீலை ஏற்போம். தங்கள் கீல் உச்சிவேளையைக் காணவில்லை. மோர் விற்கும் சீராளி திறந்தபோது மூடி கழன்று அவள் காலில் விழுந்தது. அவள் வாயிலிருந்து புறப்பட்ட சொற்களை அரச ஓலையில் எழுதலாகாது. தங்கள் மைத்துனர் குலம் முழுதும் அதில் அடக்கம் என்று மட்டும் அறிக.

கீலை எடுத்துப் பார்த்தோம். வெற்றிலை போல மெலிந்த தகடு. அதன்மேல் நாரையை ஓங்கிக் குத்தியிருக்கிறார்கள். குத்திய இடத்திலேயே, நாரையின் கழுத்தோடு தகடு பிளந்திருந்தது. மூட்டையை அவிழ்த்தால், பூட்டாத கீல்களிலும் அதே கழுத்தில் கீறல். ஐயா பண்டாரநாயகரே, நாரையை இழிவு செய்தது யார்? கழற்றிய யாமா, இந்தத் தகட்டில் அதைக் குத்தத் துணிந்தவரா? அம்பு பட்டவன் குருதி ஒழுகக் கிடக்கையில், பேழை சரிந்து மருந்தெல்லாம் மணலில் கொட்டினால், அவனைப் பெற்றவளுக்கு மறுமொழி சொல்லப் போவது தாங்களா, தங்கள் மைத்துனரா? சிக்கனத்தை யாம் பழிக்கவில்லை. கலியனின் பூக்களையே வெட்டியெறிந்தவர் யாம். எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கலாகாது என்று பார்த்துக் குறைத்தோம். தாங்கள் பாராமல் குறைத்தீர்கள்.

ஆகவே தாங்கள் அறிய உரைப்பது: கலியனின் வலக்கை இந்நேரம் வெண்கலக் கீல் பூட்டிக்கொண்டிருக்கிறது, அது நிற்காது. அவனைப் பிடிக்க வரும் எவருக்கும் கோட்டை வாயில் திறவற்க என்று எம் காவலர்க்கு ஆணையிட்டுவிட்டோம். இதற்காக எம் கோட்டத்தையே பறிப்பதாயினும் பறித்துக்கொள்க. எம் தச்சனைத் தர மாட்டோம்.

இவ்வோலை வந்த பேழைக்குத் தங்கள் மைத்துனரின் கீலையே பூட்டியிருக்கிறோம். வழியில் எவரும் திறவாதபடி கட்டி அனுப்பினோம். அதைப் பேரரசர் காண அவை வாயிலில் வைத்து, வருவோர் போவோர் எல்லாரும் ஒருமுறை திறந்து மூடச் செய்க என்று அவருக்கும் தனியோலை விடுத்துள்ளோம். மாலைவரை தாங்கினால், கலியன் கைக்கு ஈடாக எம் வலக்கையைத் தர யாமே விலங்கு பூண்டு வருவோம். தாங்காவிடில், அந்த விலங்கு எவர் கைக்கு என்பதைப் பேரரசர் திருவாய் மலரட்டும்.

இது தேக்கிலை பொறித்த எம் அரக்கு முத்திரை, இது எம் சொல், இதில் மாற்றமில்லை.

மூடி நல்ல தேக்கு, கனம் அதிகம். முதலில் திறக்கப் போவது தாங்கள் எனில், காலைச் சற்றே விலக்கி நின்றுகொள்க.