லிவரைக் கட்டியிருந்த ரப்பர்

பாடாங் மேஹா எஸ்டேட்,
மார்ச் 3.

யோகா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் குறையில்லாமல் இருக்கிறோம். ஜெயிலில் உங்களுக்கு இருமல் மருந்து கொடுக்கிறார்களா? போன முறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டே பேசினீர்கள். பக்கத்தில் பிள்ளை நின்றதால் மனம் விட்டுப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் சின்ன மோட்டார் சைக்கிளை வக்கீல் செலவுக்காக விற்ற பிறகு எனக்கு வீடும் வாசலும்தான். பஸ் இங்கே வருவதில்லை. அரிசியிலிருந்து யோகாவின் காய்ச்சல் மருந்துவரை உங்கள் அண்ணன் பரஞ்சோதி காரில் கொண்டுவந்தால்தான் உண்டு. நல்ல மனுஷர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சவுக்காரக் கட்டிக்குக்கூட அவர் முகத்தைப் பார்த்து நிற்பது எனக்கு மூச்சு முட்டுகிறது. கூலிம் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் முதல் தேதி சேரவேண்டும். அவர்கள் பஸ் பெரிய ரோட்டுச் சந்திப்புவரைதான் வரும். அதுவரை போக மிஞ்சியிருப்பது உங்கள் அப்பாவின் பழைய இங்கிலாந்து மோட்டார் ஒன்றுதான்.

அதை மெர்கோங்கில் பழைய வண்டி சேர்க்கிற ஒருவருக்குக் கொடுக்கப்போகிறாராம் அண்ணன். நீங்களே சரி சொன்னீர்களாம். நிஜமா?

நானும் வீம்பாக ஓட்டிக் காட்டலாம் என்று கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினேன். ஸ்டார்ட் ஆனது. கிளட்ச் லிவரைப் பிடித்துக் கியர் போட்டேன். பிடித்ததை மதிக்காமல் என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கோழிக்கூண்டில் முட்டியது. கூண்டு உடைந்து கோழிகளுக்கு மட்டும் விடுதலை.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் அப்துல் சமது அண்ணன் வந்தார். எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, கியரில் போட்டு, லிவரைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டினோம். கிளட்ச் விடவில்லை. எண்ணெயை வடித்துப் பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே கிளட்ச் தட்டுகள் ஈரம்பட்ட அப்பளக் கட்டுபோல ஒட்டிக் கிடந்தன. சுத்தியல் ஆகாது என்று என் மீன் கத்தியை வாங்கி, ஓரத்தில் மெல்ல நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். மண்ணெண்ணெயில் கழுவுவதும், இரும்புத் தட்டுகளின் துருவை உப்புத்தாளால் தேய்ப்பதும் என் வேலை. வரிசை மாறாமல் அடுக்கி, ஸ்பிரிங் நட்டுகளைச் சமமாக முறுக்கினார்.

அப்போதுதான் கைப்பிடியில் ஒட்டியிருந்த ரப்பர்த் துண்டைப் பார்த்து, லிவரை யாராவது இழுத்துக் கட்டியிருந்தார்களா என்று கேட்டார். ஆயுதபூஜைக்கு வண்டியைத் துடைத்து மாலை போடும்போது, அழுக்கு டியூப் என்று நான்தான் வெட்டி எறிந்தேன் என்றேன். "பூஜ போட்டே ஜாம் பண்ணிட்டீங்க லா, தங்கச்சி! கட்டி வெச்சிருந்தா தட்டு ஒட்டியிருக்காது. மாசக்கணக்கா நிறுத்தி வைக்கப் போறவன்தான் இப்படிக் கட்டுவான்" என்று சிரித்தார்.

போன ஜூலையில் அந்த வெள்ளிக்கிழமை, லாரி பெர்மிட்டுக்காக அலோர் ஸ்டார் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவேன் என்றீர்கள். மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். சிகரெட் கடத்திய லாரியை ஓட்டியது நான்தான் என்று நீங்களே போலீசில் போய் நின்றதை உங்கள் அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். முந்தின நாள் கொட்டகையில் டியூப் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றீர்கள்.

கிளட்ச் ஒட்டிவிடுமே என்று யோசித்த மனுஷருக்கு, நான் என்ன ஆவேன் என்று யோசிக்கத் தோன்றவில்லையா? கோபமாக வருகிறது. எழுத எழுத அழுகையும் வருகிறது.

வண்டி இப்போது சொன்னபடி கேட்கிறது. நேற்று சந்திப்புவரை போய்வந்தேன். தினமும் ஓடுகிற வண்டிக்கு லிவரைக் கட்டவேண்டாமாம். பதினெட்டாம் தேதி பரஞ்சோதி அண்ணன் உங்களைப் பார்க்க வருகிறார். வண்டி பிரேமாவுக்கு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், பொம்பளைக்கு எதுக்கு என்கிறார். நீங்களும் சொல்லாவிட்டால் அதற்கடுத்த சனிக்கிழமை அது லாரியில் ஏறிவிடும். நான் இங்கேயே கிடப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முருகன் உங்களை நல்லபடியாக வீடு சேர்க்கட்டும். அதன்பிறகு எங்கே போவதானாலும், வண்டியைக் கட்டிவைப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

அந்தச் சனிக்கிழமைவரை வாசலைப் பார்த்திருக்கும்,
பிரேமாவதி